ரசமட்டத்திலிருந்து ரிவ்யூ மீட்டிங் வரை: புராஜெக்ட் மேனேஜர் ஆக விரும்பும் புது இன்ஜினியருக்கு

சிவில் டிப்ளமோவோ பி.இ.யோ முடித்துவிட்டு முதல் சைட்டில் கால் வைக்கிறவருக்கு, புராஜெக்ட் மேனேஜர் என்றால் ஏ.சி. அறையில் இருந்தபடி எல்லாரையும் விரட்டுகிறவர் என்றுதான் தோன்றும். அவர் மனதில் நாள் முழுக்க ஓடுவது வேறு. நாளைக் காலை வேலைக்கு வரும் நூறு பேருக்கும் இடம், பொருள், வரைபடம், பாதுகாப்பு ஆகிய நான்கும் தயாரா என்பதுதான் அது. நான்கில் ஒன்று குறைந்தாலும் அந்த நூறு கூலியும் போச்சு, அட்டவணையில் ஒரு நாளும் போச்சு. ஆளை விரட்டி வேலை வாங்குகிறவரைவிட, நாளைய தடையை இன்றே எடுத்துப்போடுகிறவர்தான் நல்ல மேனேஜர். அந்த இடத்துக்கு வர பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகும். வருடங்கள் தானாகக் கற்றுத் தருவதில்லை. எந்த வருடத்தில் எதைப் பழகினோம் என்பதே கணக்கு.

எடுத்துக்காட்டாக, சென்னையில் தரைத்தளமும் அதன்மேல் ஐந்து மாடியும் கொண்ட ஓர் அடுக்ககத்தை வைத்துக்கொள்வோம். ஒரு தளம் 400 சதுர மீட்டர். இனி வரும் கணக்கெல்லாம் இந்தக் கட்டடத்தை வைத்துத்தான்.

முதல் இரண்டு வருடம்: கையில் டேப், பையில் நோட்டு

முதல் நாளிலிருந்தே உங்களிடம் இருக்க வேண்டியவை 5 மீட்டர் டேப், சிறிய ரசமட்டம், தூக்குக்குண்டு, சாக்பீஸ், கையடக்க நோட்டு. போனில் எடுக்கும் படம் நோட்டுக்கு ஈடாகாது. ஆறு மாதம் கழித்து எந்தத் தூண் எந்தத் தேதியில் கான்கிரீட் ஆனது என்று யாராவது கேட்டால், பத்தாயிரம் படங்களுக்குள் தேடிக்கொண்டிருக்க முடியாது.

வரைபடத்தைப் படிக்கும்போது கட்டடக்கலை வரைபடத்தையும் ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள். பீமின் அடிமட்டம் ஜன்னல் உயரத்தோடு மோதுகிறதா, கழிப்பறைத் தளத்தின் இறக்கம் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா, பிளம்பிங் டக்ட் குறுக்கே பீம் போகிறதா என்ற மூன்றையும் தேடுங்கள். சைட்டில் உடைத்து மீண்டும் செய்யும் வேலைகளில் பெரும்பங்கு இந்த மூன்று இடத்தில்தான் பிறக்கிறது. வரைபடத்தின் மூலையில் உள்ள திருத்த எண்ணையும் பார்த்துவிடுங்கள். பழைய திருத்தம் சைட்டில் சுற்றிக்கொண்டிருந்தால் அதில் சிவப்புக் கோடு போட்டு, 'ரத்து' என்று எழுதி அலமாரிக்குள் வையுங்கள். மேஸ்திரி சட்டைப் பையில் மடித்து வைத்திருக்கும் பழைய பிரதியையும் கேட்டு வாங்கிவிடுங்கள். அதுதான் மிக ஆபத்தான பிரதி.

கம்பியைக் கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது, எண்ணிப் பாருங்கள். தூணில் கம்பிகளின் எண்ணிக்கை, தடிமன், வளையங்களுக்கு இடையிலான தூரம், வளையத்தின் கொக்கி 135 டிகிரி மடங்கி உள்ளே போயிருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். 90 டிகிரியில் விட்டுவிடுவது கம்பி கட்டுபவருக்குச் சுலபம். அதனால் அந்தத் தவறு எல்லா சைட்டிலும் திரும்பத் திரும்ப வரும். பீமும் தூணும் சேரும் இடத்தில் வளையம் கட்டுவது கையை நுழைக்க முடியாத வேலை என்பதால் அங்கே விட்டுவிடுவார்கள். நிலநடுக்கத்தில் கட்டடத்தைத் தாங்க வேண்டிய இடமே அதுதான். ஆகவே பீம் கம்பியை இறக்குவதற்கு முன்பே சந்தி வளையங்களைப் போடச் சொல்லுங்கள். எல்லாக் கம்பிக்கும் ஒரே மட்டத்தில் லாப் (இரு கம்பிகளை ஒன்றோடொன்று ஒட்டி வைத்துக் கட்டும் இணைப்பு) போட விடாதீர்கள். ஒரு மட்டத்தில் பாதிக்கு மேல் லாப் வரக் கூடாது.

கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிப்பரப்புக்கும் இடைவெளி காக்க வைக்கும் கவர் பிளாக் அஸ்திவாரத்தில் 50 மி.மீ., தூணில் 40 மி.மீ. என்பது வழக்கமான அளவு. கடலோரச் சூழலுக்கு டிசைனர் இதைவிட அதிகம் கொடுத்திருக்கலாம், வரைபடத்தில் இருப்பதே இறுதி. ஜல்லித் துண்டையோ உடைந்த டைலையோ கவருக்கு வைக்கும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். கவர் குறைந்த தூணில் சில ஆண்டுகளிலேயே துரு தள்ளி, மேற்பூச்சு உதிரும். கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் பழைய வீடுகளின் பால்கனி அடியை நிமிர்ந்து பார்த்தால் இது புரியும்.

எடைக் கணக்கு விரல் நுனியில் இருக்கட்டும். கம்பியின் விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 8 மி.மீ. கம்பி 0.395 கிலோ, 12 மி.மீ. 0.89, 16 மி.மீ. 1.58, 20 மி.மீ. 2.47. லாரி வந்ததும் ஒவ்வொரு கட்டிலும் கம்பிகளை எண்ணி, நீளத்தால் பெருக்கி, எடைமேடைச் சீட்டோடு ஒப்பிடுங்கள். சில கட்டுகளில் கம்பி அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் எடை குறைந்தோ கூடியோ வரும். அந்த வேறுபாட்டை எழுதி வைக்காதவரால் மாதக் கடைசியில் கம்பி எங்கே போனது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

ஸ்லாப் போடும் நாள்

ஒருவருக்கு மேனேஜராகும் தகுதி இருக்கிறதா என்பதை ஸ்லாப் நாளில் பார்த்துவிடலாம். அன்றைக்கு ஓடுகிறவரைவிட, முந்தின இரண்டு நாளில் ஓடி முடித்துவிட்டு அன்று நிதானமாக நிற்பவருக்குத்தான் மதிப்பெண். ஆகவே இந்த ஒரு வேலையை விரிவாகப் பார்ப்போம்.

முதலில் அளவு. தளம் 400 சதுர மீட்டர், கனம் 150 மி.மீ. என்றால் ஸ்லாப் மட்டும் 60 கன மீட்டர். பீம்களைச் சேர்த்து 90 என்று வைத்துக்கொள்வோம். ரெடிமிக்ஸ் (பிளான்ட்டில் கலந்து கொண்டுவரும் கான்கிரீட்) வண்டி ஒன்றுக்கு 6 கன மீட்டர், ஆக 15 லோடு. பம்ப் மணிக்கு 18 கன மீட்டர் தள்ளும் என்றால் 20 நிமிடத்துக்கு ஒரு வண்டி காலியாக வேண்டும், மொத்தம் 5 மணி நேரம். பிளான்ட் ஒரு மணி நேரத் தொலைவில் இருந்தால் ஒரு வண்டியின் சுற்று இப்படி வரும்: ஏற்ற 15 நிமிடம், வர 60, காலியாக 20, திரும்ப 60, மொத்தம் 155 நிமிடம். 155-ஐ 20-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 8 வண்டி. 'ஆறு வண்டி விட்டிருக்கோம் சார், சமாளிச்சிடலாம்' என்று பிளான்ட்டில் சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஆறு வண்டியில் ஓட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் பம்ப் சும்மா நிற்கும். நின்ற இடத்தில் கான்கிரீட் இறுகத் தொடங்கினால் புதிதாகக் கொட்டுவது அதோடு ஒட்டாது. அந்தக் கோடு வழியாகத்தான் பிறகு மழைநீர் ஒழுகும்.

நகரில் கனரக வாகனங்களுக்குத் தடை உள்ள நேரங்களை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். காலை நெரிசலில் மாட்டிய வண்டி உங்கள் கணக்கை மதிக்காது. ரெடிமிக்ஸ் ஏற்றியதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் கொட்டி முடிக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 4926. டெலிவரி சீட்டில் ஏற்றிய நேரம் இருக்கும். அதைப் படிக்காமல் ஒரு வண்டியையும் பம்போடு இணைக்காதீர்கள். 'கொஞ்சம் தண்ணி விட்டா ஓடிடும் சார்' என்று டிரைவர் சொல்வார். விடக் கூடாது. தண்ணீர் சேர்த்த அளவுக்கு வலு குறையும். கான்கிரீட்டின் தளர்ச்சி (இளகி ஓடும் தன்மை) குறைந்திருந்தால் பிளான்ட்டின் தொழில்நுட்ப ஆளை வரவழைத்து, அவர் கையால் அளந்து அட்மிக்சர் (கலவையை இளக்கும் ரசாயனம்) சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கும் சரிவராத வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். ஒரு வண்டியைத் திருப்பிய சைட்டுக்கு அதன்பிறகு மோசமான வண்டி வருவது குறையும்.

முந்தின நாள் மாலைக்குள் பார்த்து முடிக்க வேண்டியவை: சென்ட்ரிங் (கான்கிரீட்டுக்கான தற்காலிக அச்சு) மட்டம், அதைத் தாங்கும் முட்டுகள் செங்குத்தாக, அடியில் பலகையோடு நிற்கின்றனவா என்பது, ஷீட் இணைப்புகளில் இடைவெளி, எலெக்ட்ரிகல் பைப்பும் ஃபேன் பாக்ஸும், பிளம்பிங் ஸ்லீவ். கான்கிரீட்டை அதிர வைத்து இறுக்கும் வைப்ரேட்டர் இரண்டு ஓடினால் மூன்றாவது ஒன்று கையிருப்பில், அதுவும் பெட்ரோல் அல்லது டீசலில் ஓடுவதாக இருக்கட்டும், கரண்ட் போனால் வேலை நிற்கக் கூடாது. தார்ப்பாய், விளக்கு, குடிநீர், மதியச் சாப்பாடு ஆகியவற்றையும் அன்றே முடித்துவிடுங்கள். பட்டியலில் ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட், எலெக்ட்ரிகல், பிளம்பிங், சைட் இன்ஜினியர் என நால்வர் கையெழுத்தும் விழுந்த பிறகுதான் பிளான்ட்டுக்கு உறுதி சொல்ல வேண்டும். கையெழுத்து வாங்காமல் கான்கிரீட் ஆர்டர் கொடுத்துவிட்டால், காலையில் யாரும் 'இல்லை' என்று சொல்ல முடியாத நிலை வந்துவிடும். தவறுள்ள ஸ்லாப்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஊற்றப்படுகின்றன: தவறு தெரிந்தே, பதினைந்து வண்டி வாசலில் நிற்பதால்.

பால்கனியைத் தனியாகப் பாருங்கள். சாதாரண ஸ்லாபில் முக்கியக் கம்பி அடியில் இருக்கும். வெளியே நீண்டிருக்கும் பால்கனியில் அது மேலே இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்தால் மேல் கம்பி கீழே இறங்கிவிடும், வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அதனால் அங்கே மேல் கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் சேர் கம்பிகளை நெருக்கமாகக் கொடுத்து, நடக்கப் பலகை போட்டு, ஓர் ஆளை அதற்கென்றே நிறுத்துங்கள்.

கான்கிரீட்டின் வலுவைச் சோதிக்க எடுக்கும் கியூப் (கனசதுர மாதிரி) கணக்கை ஐ.எஸ். 456 இப்படிச் சொல்கிறது: 5 கன மீட்டர் வரை 1 மாதிரி, 6 முதல் 15 வரை 2, 16 முதல் 30 வரை 3, 31 முதல் 50 வரை 4, அதற்கு மேல் ஒவ்வொரு 50-க்கும் கூடுதலாக ஒன்று. நம் 90 கன மீட்டருக்கு 5 மாதிரி. ஒரு மாதிரிக்கு மூன்று கியூப், ஆக 28 நாள் சோதனைக்கு 15 கியூப். 7 நாளில் பார்க்க வேண்டுமென்றால் அதற்குத் தனியாக எடுக்க வேண்டும். ஐந்தையும் முதல் வண்டியிலேயே எடுத்து முடித்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அப்படிச் செய்தால் மற்ற 14 வண்டியைப் பற்றி உங்களுக்கு எதுவுமே தெரியாது. வண்டிகளைப் பிரித்து எடுங்கள், கியூபின் மேல் தேதி, தளம், தரம், வண்டி எண் எழுதுங்கள், மறுநாள் அச்சைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் போடுங்கள். வெயிலில் கிடந்த கியூப் சோதனையில் தோற்றால், ஸ்லாப் நன்றாகவே இருந்தாலும் நிரூபிக்க வழியில்லாமல் நிற்பீர்கள்.

கடைசி மூன்று வண்டிக்கு முன் நிறுத்தி, மிச்சமிருக்கும் பரப்பை அளந்து பிளான்ட்டுக்குச் சொல்லுங்கள். 90 கணக்குப் போட்டு 95 தேவைப்பட்டால் காரணம் தேடுங்கள். பெரும்பாலும் மட்டக் குறி உயர்ந்திருக்கும். 400 சதுர மீட்டரில் 10 மி.மீ. கனம் கூடினாலே 4 கன மீட்டர் போய்விடும். பணம் போவது ஒருபுறம், டிசைனில் இல்லாத எடையும் கட்டடத்தின் தலையில் ஏறுகிறது.

முட்டு எடுக்கும் தேதியை நீங்கள் எழுதுங்கள்

சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு ஐ.எஸ். 456 தரும் குறைந்தபட்ச நாட்கள்: தூண், சுவரின் பக்கப் பலகை 16 முதல் 24 மணி நேரம். ஸ்லாப் முட்டு, தாங்கல்களுக்கு இடையிலான நீளம் 4.5 மீட்டர் வரை 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீம் முட்டு, 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். நம் ஊரில் பெரும்பாலும் பயன்படுவது பி.பி.சி. (போர்ட்லாண்ட் பொசோலானா) சிமெண்ட். அதற்கு இந்த நாட்களை 10/7 மடங்காக்கச் சொல்கிறது மத்திய பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பு. 14 நாள் 20 நாளாகிறது, 21 நாள் 30 ஆகிறது.

இந்த அட்டவணையைப் படித்தவர்கள்கூட அவசரப்படுவதற்குக் காரணம் முட்டு வாடகை. 14 நாளுக்கு ஒரு தளம் என்று வேகம் வைத்துக்கொண்டு ஒரு தளத்துக்கான முட்டுகளை மட்டும் வாடகைக்கு எடுத்திருந்தால், அடுத்த தளத்துக்கு வேண்டிய முட்டுகளைக் கீழ்த்தளத்திலிருந்துதான் உருவ வேண்டும். மேலே புதிதாகப் போடும் 150 மி.மீ. ஸ்லாபின் எடை ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 375 கிலோ. சென்ட்ரிங்கும் ஆட்களும் அதற்கு மேல். வீட்டுத் தளத்துக்கு டிசைனில் எடுக்கும் பயன்பாட்டுப் பாரம் 200 கிலோ மட்டுமே. சுவரும் தரைப் பூச்சும் இன்னும் வராததால் கொஞ்சம் இடைவெளி உண்டு என்றாலும், அந்தக் கான்கிரீட் முழு வலுவுக்கு வந்திருக்காது. அதனால்தான் கீழே இரண்டு தளத்திலாவது முட்டு நிற்க வேண்டும். இதை டெண்டர் போடும்போதே வாடகைக் கணக்கில் சேர்த்தவர் மேனேஜர். சேர்க்காமல் விட்டுவிட்டு, பிறகு சைட் இன்ஜினியரிடம் 'கழட்டிடுப்பா' என்று சொல்ல வேண்டிய நிலைக்கு வருகிறவருக்கு அந்தப் பொறுப்பு இன்னும் வரவில்லை.

முட்டுகளைக் கழற்ற வாய்மொழி அனுமதி கூடாது. கான்கிரீட் தேதி, கழற்றும் தேதி, கியூப் முடிவு மூன்றையும் எழுதிய சீட்டு ஒன்று, உங்கள் கையெழுத்தோடு அந்தத் தளத்தின் வாசலில் ஒட்டியிருக்க வேண்டும். 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து 61 பேர் இறந்தார்கள். அதே வளாகத்தில் இருந்த இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். மண் பரிசோதனையிலோ டிசைனிலோ வேலையின் தரத்திலோ சந்தேகம் தோன்றினால் வேலையை நிறுத்தி எழுத்தில் கேட்கும் உரிமை சைட்டில் இருக்கும் இளம் இன்ஜினியருக்கும் உண்டு. அந்த உரிமையை அவருக்குக் கொடுத்து, பயன்படுத்தும்போது பக்கத்தில் நிற்பது மேனேஜரின் முதல் கடமை.

மூன்றாம் வருடத்துக்குப் பிறகு: பில்லிங், பிளானிங்

இங்கேதான் பலர் தேங்கிவிடுகிறார்கள். சைட்டில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவரை நிர்வாகம் அங்கேயே வைத்துக்கொள்ளும். நீங்களாகக் கேட்டு ஒரு வருடமாவது பில்லிங்கிலும் ஒரு வருடமாவது பிளானிங்கிலும் உட்காருங்கள். ஒப்பந்தக்காரரின் பில்லை அளவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கத் தெரியாதவர் பணத்தைப் பற்றிய கூட்டத்தில் வாய் திறக்க முடியாது.

பிளானிங்கில் மென்பொருள் தெரிவது நல்லதுதான். பிரைமவேராவோ எம்.எஸ். புராஜெக்டோ ஒரு மாதத்தில் பழகிவிடும். அதற்குள் போடும் எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதுதான் கடினம். ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் ஒரு நாளில் எத்தனை சதுர மீட்டர் பூசுகிறார்கள் என்பதைப் புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள். உங்கள் சைட்டில் பத்து நாள் அளந்து சராசரி எடுங்கள். வெளிச்சுவரில் சாரம் மாற்றும் நேரம் சேரும், கழிப்பறையில் மூலைகள் அதிகம், உள் அறையில் வேகம் கூடும். ஒரே எண்ணை மூன்றுக்கும் போட்டால் அட்டவணை முதல் மாதத்திலேயே பொய்யாகும்.

முழு அட்டவணை சுவரில் தொங்கட்டும். உங்கள் கையில் இருக்க வேண்டியது மூன்று வாரத் தாள். இடப்பக்கம் வேலை, அதற்கு எதிரே நான்கு கட்டம்: வரைபடம் வந்ததா, பொருள் வந்ததா, ஆள் உண்டா, முந்தின வேலை முடிந்ததா. நான்கிலும் டிக் விழாத வேலையை அடுத்த வாரத் திட்டத்தில் சேர்க்கக் கூடாது. வாரக் கடைசியில் சொன்ன வேலைகளில் எத்தனை முடிந்தன என்று எண்ணுங்கள். 20-இல் 12 என்றால் 60 சதவீதம். முடியாத எட்டுக்கும் ஒரு வரிக் காரணம் எழுதுங்கள். இரண்டு மாதத்தில் அந்தக் காரணங்களைக் கூட்டிப் பார்த்தால், சோம்பேறித்தனம் என்று நீங்கள் நினைத்தது பெரும்பாலும் டைல் தேர்வு தாமதம், வரைபடத் தாமதம், பணத் தாமதம் என்று தெரியவரும். அந்த மூன்றும் உங்கள் மேசையில் தீர வேண்டியவை, மேஸ்திரியின் தலையில் அல்ல.

காலண்டரைத் திட்டத்தில் எழுதுங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் உள்ளூர் ஆட்கள் போவார்கள். ஹோலிக்கும் சத் பூஜைக்கும் பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் போவார்கள், ரயில் டிக்கெட்டைப் பொறுத்துப் பத்து நாளும் ஆகும், ஒரு மாதமும் ஆகும். ஆடியில் பூஜை போட மாட்டேன் என்று உரிமையாளர் சொன்னால் வாதாடாமல் அந்த மாதத்தை மண் பரிசோதனைக்கும் அனுமதி வேலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பள்ளமும் அஸ்திவாரமும் செப்டம்பருக்குள் தரைமட்டத்துக்கு வராவிட்டால், மழைக்காலம் முழுக்க பம்பு ஓட்டியே காலம் போகும். பணத்தைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில் கட்டுமானப் பள்ளம் சரிந்து இரண்டு பேர் இறந்தார்கள். 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்துக்குத் தடுப்போ சரிவோ கட்டாயம். தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவிக்கக் கூடாது, லாரியையும் விளிம்புக்கு அருகில் விடக் கூடாது. புயல் அறிவிப்பு வந்ததும் முதலில் காலி செய்ய வேண்டியது பள்ளத்தை ஒட்டிய கொட்டகைகளை.

ஆட்களை நடத்தும் விதம்

சைட்டில் அதிகாரம் மேஸ்திரி வழியாகப் போகிறது. அவரைத் தாண்டி அவர் ஆளை நேரே திட்டினால், அந்த ஆளும் உங்கள் பேச்சைக் கேட்க மாட்டார், மேஸ்திரியும் கேட்க மாட்டார். தவறு கண்டால் மேஸ்திரியைத் தனியே அழைத்து, 'மேஸ்திரி, இந்தச் சுவர் 10 மி.மீ. சாய்ஞ்சிருக்கு, தூக்குக்குண்டு பிடிச்சுப் பாருங்க' என்று கருவியை அவர் கையில் கொடுங்கள். அவரே அளந்து பார்த்தபின் வாக்குவாதம் இருக்காது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் இந்த மரியாதை வரிசை கிடையாது. யாராக இருந்தாலும் அந்த நொடியில் நேரே நிறுத்துங்கள்.

வயதில் மூத்த கொத்தனாரை 'அண்ணே' என்றோ 'மேஸ்திரி' என்றோ அழைப்பதில் உங்கள் பதவி குறையாது. சித்தாள் வேலை செய்யும் அம்மாக்களை 'ஏய்' என்று கூப்பிடும் இன்ஜினியரை உடனே திருத்துங்கள். வெளிமாநிலத்து ஆட்களோடு பேச ஐம்பது ஹிந்தி வார்த்தை போதும்: மேலே, கீழே, நிறுத்து, ஆபத்து, பெல்ட் போடு, சாப்பிட்டாயா. எச்சரிக்கைப் பலகைகளை அவர்கள் மொழியிலும் எழுதுங்கள்.

காலையில் வேலை தொடங்கும் முன் பத்து நிமிடம் எல்லாரையும் நிற்க வைத்துப் பேசுங்கள். பொதுவாக 'கவனமா இருங்க' என்று சொன்னால் யார் காதிலும் விழாது. 'இன்னைக்கு மூணாவது மாடியில லிஃப்ட் குழி திறந்திருக்கு, தடுப்பு இருக்கிற பக்கமா போங்க' என்று அன்றைய ஆபத்தைச் சொல்லுங்கள். தற்காலிக மின்சாரப் பலகையில் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பு இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை அதன் சோதனைப் பட்டனை அழுத்திப் பாருங்கள். மழைநாளில் வைப்ரேட்டர் ஒயரும் கட்டிங் மெஷின் ஒயரும் தண்ணீரில் கிடப்பது உயிர் குடிக்கும்.

சனிக்கிழமைப் பட்டுவாடாவைப் பற்றிக் கல்லூரியில் சொல்லித் தர மாட்டார்கள். சைட்டின் ஒழுங்கில் பாதி அதில்தான் இருக்கிறது. ஒப்பந்தக்காரரின் பில் உங்கள் மேசையில் மூன்று வாரம் கிடந்தால் அவர் மேஸ்திரிக்குக் கொடுக்க மாட்டார், மேஸ்திரி ஆட்களுக்குக் கொடுக்க மாட்டார், திங்கட்கிழமை பாதிப் பேர் வேறு சைட்டில் இருப்பார்கள். அதன்பிறகு எவ்வளவு கத்தினாலும் ஆள் வராது. பில் வந்த நாளைப் பதிவு செய்து, ஏழு நாளுக்குள் அளவு சரிபார்த்து அனுப்பும் பழக்கம் ஒன்றே உங்களை நம்பத் தகுந்தவராக்கும். வெட்டிய தொகை இருந்தால் ஏன் வெட்டினோம் என்பதை வரிவரியாகக் காட்டுங்கள். ஆட்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேட்டு, இல்லாதவர்களுக்கு விண்ணப்பம் போட ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள். விபத்து நடக்கும்வரை இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கீழே வேலை செய்யும் இளம் இன்ஜினியர் தவறு செய்து, தானாக வந்து சொன்னால் முதலில் நன்றி சொல்லுங்கள், பிறகு திருத்தம் பேசுங்கள். முதல் தடவை கூட்டத்தில் வைத்துத் திட்டினால் இரண்டாவது தவறு சிமெண்ட் பூச்சுக்குள் மறைந்துவிடும். தேன்கூடு (கான்கிரீட் நிரம்பாத ஓட்டைகள்) விழுந்த தூணை ராத்திரியோடு ராத்திரியாகப் பூசி மறைப்பது திறமையின்மையால் நடப்பதில்லை, பயத்தால் நடக்கிறது.

எழுத்து, பணம், கடிதம்

உரிமையாளர் நடந்துகொண்டே 'இந்தச் சுவரை அந்தப் பக்கம் தள்ளிடுங்க' என்பார். தலையாட்டிவிட்டு, அன்று மாலையே மின்னஞ்சல் போடுங்கள்: இன்று சைட்டில் நீங்கள் சொன்ன மாற்றம் இது, இதற்கு இத்தனை நாளும் இத்தனை ரூபாயும் கூடும், ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்டின் ஒப்புதல் வந்ததும் தொடங்குகிறோம். குரல் உயர்த்தாத, காரணம் தேடாத நான்கு வரி போதும். வேலை முடிந்தபின் கேட்கும் கூடுதல் பணம் சண்டையாகும், முன்பே எழுதிக் கேட்டது பில்லாகும்.

அரசு வேலைகளில் இடையூறுப் பதிவேடு என்று ஒன்று உண்டு. வரைபடம் எப்போது கேட்டோம், எப்போது வந்தது, இடம் எப்போது கைக்கு வந்தது, மழையால் எத்தனை நாள் நின்றது என்று தேதியோடு எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுவார்கள். தனியார் வேலையிலும் இதை வைத்துக்கொள்ளுங்கள். கால நீட்டிப்புக் கேட்கும் நாளில் உங்களுக்காகப் பேசுவது அது மட்டும்தான். ஒப்பந்தத்தில் அறிவிப்புக்கான காலக்கெடு உண்டு. ஃபிடிக் (சர்வதேச மாதிரி ஒப்பந்தம்) வகை ஒப்பந்தங்களில் 28 நாள். அந்த எண்ணைக் கண்டுபிடித்து உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். நியாயமான கோரிக்கைகள் பல, நாள் தவறியதாலேயே போயிருக்கின்றன.

மாதம் ஒருமுறை பொருள் கணக்கை ஒப்பிடுங்கள்: வந்தது, வேலைக்குப் போக வேண்டியது, மிச்சம் இருக்க வேண்டியது, உண்மையில் இருப்பது. கம்பி வீணாவது 3 சதவீதத்தைத் தாண்டினால் வெட்டும் பட்டியலைப் பாருங்கள். 12 மீட்டர் கம்பியில் 5 மீட்டர் இரண்டு வெட்டி, மிஞ்சிய 2 மீட்டரை மூலையில் போடும் இடத்தில்தான் பெரும்பாலும் கசிவு இருக்கும்.

ஒப்படைப்பு

கடைசி மாதம் வந்தபின் ஒப்படைப்பைத் தொடங்கினால் ஆறு மாதம் இழுக்கும். லிஃப்ட் ஆர்டர், ஜன்னல், மின்வாரிய இணைப்பு, குடிநீர் இணைப்பு எல்லாம் மாதக்கணக்கில் நேரம் கேட்பவை. ஸ்லாப் வேலை நடக்கும்போதே அவற்றுக்கு நாள் குறியுங்கள். இந்த உயரக் கட்டடத்துக்குப் பணி நிறைவுச் சான்று இல்லாமல் நிரந்தர இணைப்புகள் நகராது. அனுமதித்த வரைபடத்துக்கு மாறாகப் பக்க இடைவெளியில் அரை அடி போனாலும் அந்தச் சான்று சிக்கிக்கொள்ளும். அடித்தளக் குறி போடும் நாளிலேயே எல்லையிலிருந்து அளந்து, அளந்ததைப் பதிவு செய்யுங்கள்.

முதல் மாதிரி வீட்டை முழுதாக முடித்து, கழிப்பறையில் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கி, கீழ்வீட்டுக் கூரையைப் பாருங்கள். ஒழுகினால் ஒரு வீட்டில் திருத்துவீர்கள். பார்க்காமல் போனால் எல்லா வீட்டிலும் டைலை உடைப்பீர்கள். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் 2016-இன்படி ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் வரும் கட்டமைப்புக் குறைகளைச் செலவு வாங்காமல் சரிசெய்வது கட்டுநரின் பொறுப்பு.

அடுத்த படிக்கு விண்ணப்பிக்கும்போது

ஐந்து முதல் ஏழு வருடத்தில், ஒரு கட்டடத்தையாவது பூமி பூஜையிலிருந்து சாவி கொடுப்பது வரை இருந்து பார்த்திருக்க வேண்டும். சம்பளம் கூடும் என்று பாதியில் மாறி மாறி நான்கு சைட்டில் ஸ்லாப் மட்டும் போட்டவருக்கு ஃபினிஷிங் தெரியாது, பில் முடிக்கத் தெரியாது. பி.எம்.பி. (புராஜெக்ட் மேலாண்மை வல்லுநர்) சான்றிதழுக்கு நான்கு வருடப் பட்டம் உள்ளவருக்குத் திட்டங்களை வழிநடத்திய 36 மாத அனுபவமும் 35 மணி நேர வகுப்பும் தேவை. வெளிநாட்டு வேலைக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் அது கதவைத் திறக்கும். கதவைத் தாண்டி உட்கார்ந்தபின் நேர்காணலில் கேட்பது வேறு.

'உங்கள் தளத்தில் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ கம்பி போனது? ஒரு தளத்துக்கு எத்தனை நாள் எடுத்தீர்கள், எதனால் தாமதமானது? எந்த வண்டியைத் திருப்பி அனுப்பினீர்கள்? கியூப் தோற்றால் என்ன செய்தீர்கள்?' இவைதான் கேள்விகள். கடைசிக் கேள்விக்கு வரிசை இது: அந்தக் கான்கிரீட் எங்கே போனது என்று பதிவேட்டில் பார்த்து, அதன் மேல் வேலையை நிறுத்தி, முட்டுகளை எடுக்காமல் வைத்து, கன்சல்டன்டுக்கு அன்றே எழுதி, அவர் சொல்லும் இடத்தில் கோர் (துளையிட்டு எடுக்கும் கான்கிரீட் உருளை) எடுத்துச் சோதிப்பது. இதற்கெல்லாம் எண்ணோடும் தேதியோடும் பதில் வேண்டுமென்றால், முதல் நாள் வாங்கிய கையடக்க நோட்டுகள் இன்னும் உங்களிடம் இருக்க வேண்டும். சைட் முடிந்ததும் அவற்றை அலுவலகத்தில் விட்டுவிட்டு வராதீர்கள். பதிவேடுகள் நிறுவனத்துக்குச் சொந்தம், அவற்றின் பிரதியை எடுக்கக் கூடாது. நீங்கள் அளந்து எழுதிய வேலை வேகமும் தாமதக் காரணங்களும் அடங்கிய உங்கள் சொந்த நோட்டு உங்களோடு வரட்டும்.